அறுபது பேர், ஐந்து சிஓ: சிவில் துறையில் எந்த அளவீடு எதைக் காட்டும்?

பி.இ. சிவில் வகுப்பில் அறுபது பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆர்சிசி (இரும்புக் கம்பி சேர்த்த கான்க்ரீட்) டிசைன் பாடத்துக்கு யூனிவர்சிட்டி ரிசல்ட் வந்துவிட்டது. பி பிளஸ், அதற்கு மேல் கிரேடு வாங்கியவர்கள் 44 பேர். 73 சதவீதம். பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அங்கீகார வாரியமான என்பிஏயின் தன்மதிப்பீட்டு அறிக்கை உதாரணமாகக் காட்டும் அளவுகோல் இது: இலக்கை 60 சதவீத மாணவர்கள் தாண்டினால் நிலை 1, 70 சதவீதம் என்றால் 2, 80 சதவீதம் என்றால் 3. அதன்படி இந்தப் பாடம் நிலை 2. கோர்ஸ் அவுட்கம் (சிஓ, பாடம் முடிந்ததும் மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை) ஐந்துக்கும் 2, 2, 2, 2, 2 என்று நிரப்பி ஃபைலை மூடிவிடலாம். பல இணைப்புக் கல்லூரிகளில் இதுதான் நடக்கிறது.

அந்த ஐந்து இரண்டுகளை வைத்து அடுத்த வருடம் எந்த யூனிட்டுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குவது என்று முடிவெடுக்க முடியாது. இந்த அலசலில் ஒவ்வொரு முறையிடமும் நாங்கள் கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான்: இதில் கிடைக்கும் எண்ணைப் பார்த்து ஆசிரியர் எதையாவது மாற்ற முடியுமா?

யூனிவர்சிட்டி கிரேடு

இதன் பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். கேள்வி வெளியிலிருந்து வருகிறது, திருத்துவதும் வெளியாள். நம் வகுப்புக்குச் சாதகமாக யாரும் வளைக்க முடியாது. 2, 13, 15 மதிப்பெண் கேள்விகள் கொண்ட அந்தத் தாளில் பார்ட் பி யூனிட்டுக்கு ஒரு கேள்வி என்று வருவதால், எந்த யூனிட்டையும் முழுதாக விட்டுவிட்டு நல்ல கிரேடு வாங்குவதும் கடினம்.

ஆனால் இணைப்புக் கல்லூரிக்குக் கேள்விவாரியான மதிப்பெண் வருவதில்லை. மொத்த கிரேடு மட்டும்தான். கிராக் வித் (விரிசல் அகலம்) பகுதியை நன்றாக எழுதி ஷியர் (வெட்டு விசை) பகுதியைக் கோட்டைவிட்ட மாணவரும், ஷியரை நன்றாக எழுதி கிராக் வித் பகுதியை விட்டவரும் ஒரே பி பிளஸ்ஸில் வந்து நிற்பார்கள். தன்னாட்சிக் கல்லூரிகளின் நிலை வேறு. விடைத்தாள் அவர்கள் கையிலேயே இருக்கிறது. அவர்களும் மொத்த மதிப்பெண்ணை ஐந்து சிஓவுக்கும் பங்குபோட்டால் அதற்கு நியாயமே இல்லை. 2014 ஜூனில், பொறியியல் படிப்புகளின் அங்கீகாரத்தை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா நிரந்தர உறுப்பினரானபோதும், அந்த அங்கீகாரம் தன்னாட்சியும் பல்கலைக்கழகத் துறைகளும் அடங்கிய டயர் 1 படிப்புகளுக்கு மட்டுமே என்றுதான் வரையறுக்கப்பட்டது.

எங்கள் கணிப்பில் இந்த கிரேடின் சரியான வேலை குறுக்குச் சோதனை. இன்டர்னலில் (கல்லூரி தானே நடத்தும் தேர்வில்) நிலை 3, யூனிவர்சிட்டியில் நிலை 1 என்றால் இன்டர்னல் தாள் சுலபமாக இருந்திருக்கிறது என்று அர்த்தம். அதைச் சொல்ல இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கேள்விவாரி இன்டர்னல்

அதே வகுப்பின் இன்டர்னல் தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் சிஓ எண் போட்டு, மதிப்பெண்ணைத் தனித்தனியாக ஏற்றினால் இப்படி ஒரு படம் கிடைக்கலாம். இலக்கைத் தாண்டியவர்கள் சிஓ1-இல் 52 பேர், சிஓ2-இல் 49, சிஓ3-இல் 27, சிஓ4-இல் 43, சிஓ5-இல் 38. நிலைகள் முறையே 3, 3, 0, 2, 1. சராசரி 1.8. கிரேடு சொன்ன இரண்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் சிஓ3 பூஜ்யம் என்பது இப்போதுதான் வெளியே தெரிகிறது.

வேலை கூடுதல்தான். பதினாறு கேள்வி, அறுபது பேர் என்றால் ஒரு தேர்வுக்கு 960 கட்டங்களை எக்செலில் நிரப்ப வேண்டும். விடைத்தாளின் முதல் பக்கத்திலேயே கேள்வி எண், சிஓ, மதிப்பெண் கட்டம் அச்சடித்துவிட்டால் திருத்தும்போதே பாதி வேலை முடிந்துவிடும்.

இந்த முறை கெடுவது பெரும்பாலும் கேள்வியில்தான். ஒரு கேள்வியைப் பாருங்கள்: ஒரு பீம், 230 மிமீ அகலம், 410 மிமீ எஃபெக்டிவ் டெப்த் (கம்பி வரையிலான ஆழம்), எம்20 கான்க்ரீட், எஃப்இ415 கம்பி, 16 மிமீ கம்பி மூன்று; மொமென்ட் ஆஃப் ரெசிஸ்டன்ஸ் (வளைவை எதிர்க்கும் திறன்) என்ன? கான்க்ரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456-இன் சூத்திரத்தில் எண்களைப் போட்டால் நியூட்ரல் ஆக்சிஸ் (அமுக்கமும் இழுவையும் இல்லாத கோடு) 131.5 மிமீ ஆழத்தில் வருகிறது. உச்ச வரம்பு எஃபெக்டிவ் டெப்த்தின் 0.48 மடங்கு, அதாவது 196.8 மிமீ. வரம்புக்குள் இருப்பதால் விடை 77.3 கிலோநியூட்டன் மீட்டர். வரம்பு என்று ஒன்று இருப்பதே தெரியாத மாணவரும் இதே விடைக்கு வந்து முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். இதற்கு 'கே4, பகுப்பாய்வு' என்று லேபிள் ஒட்டினாலும் இது எண்களைப் பொருத்தும் கணக்குதான்.

கம்பியை மட்டும் 20 மிமீ நான்காக மாற்றுங்கள். இப்போது நியூட்ரல் ஆக்சிஸ் 274 மிமீ, வரம்பைத் தாண்டிவிட்டது. அதைக் கவனிக்காமல் அதே சூத்திரத்தில் ஓடுகிறவர் 133.8 என்று எழுதுவார். செக்ஷன் ஓவர் ரீஇன்ஃபோர்ஸ்டு (கம்பி அளவுக்கு மேல்) என்று கண்டுகொண்டவர் வரம்பு மொமென்ட்டான 106.7-இல் நிறுத்துவார். இரண்டுக்கும் நடுவே 25 சதவீதம் வித்தியாசம். இல்லாத வலிமையை நம்பி ஒரு பீமைக் கட்டும் வித்தியாசம் அது. புரிந்தவரையும் புரியாதவரையும் பிரித்துக் காட்டும் கேள்வி இதுதான். 13 மதிப்பெண்ணில் இந்த வரம்புச் சோதனைக்கென்றே மதிப்பெண் ஸ்கீமில் குறைந்தது 4 ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் தவறான பாதையில் போனவரும் ஸ்டெப் மார்க்கில் 9 வாங்கி இலக்கைத் தாண்டிவிடுவார்.

அடுத்த சிக்கல் 'அல்லது' கேள்வி. ஏ, பி இரண்டும் ஒரே சிஓவில், ஒரே கடினத்தில் இருக்க வேண்டும். ஏ டெஃபனிஷன், பி கணக்கு என்று இருந்தால் கணக்கு தெரியாதவர்கள் எல்லாரும் ஏ பக்கம் போய்விடுவார்கள். கணக்கை 15 பேர் மட்டும் தொட்டு, அதில் 12 பேர் நன்றாகப் போட்டால் 80 சதவீதம், நிலை 3. தொடாத 45 பேர் கணக்கிலேயே வரமாட்டார்கள். ஆகவே எக்செலில் எத்தனை பேர் முயன்றார்கள் என்பதற்குத் தனி வரிசை கட்டாயம் வேண்டும்.

இலக்கை வகுப்புச் சராசரியாக வைப்பதும் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. என்பிஏ அதற்கு இடம் கொடுத்தாலும், வகுப்பு சரிந்தால் இலக்கும் கூடவே சரிந்து சரிவையே மறைத்துவிடும். 60 சதவீத மதிப்பெண் என்று நிலையாக வைத்து, மூன்று வருடம் எட்டிய பிறகு உயர்த்துவதே நேர்மையான வழி.

லேபும் களமும்: ரூப்ரிக்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் தியரிக்கு இன்டர்னல் 40, யூனிவர்சிட்டி 60. லேபுக்கு அப்படியே மாறி இன்டர்னல் 60, எக்ஸாம் 40. ஆக லேப் மதிப்பெண்ணில் பெரும்பகுதி நம் கையில்தான் இருக்கிறது. அதை ரெக்கார்டு நோட்டின் கையெழுத்தைப் பார்த்துப் போடுவது சிவில் துறைக்கு நாமே செய்யும் பெரிய இழப்பு. ஐந்து பேர் கொண்ட பேட்ச்சில் ஒருவர் மெஷினை இயக்க, ஒருவர் குறிக்க, மூன்று பேர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ரெக்கார்டில் ஐந்து பேருக்கும் ஒரே ரீடிங், ஒரே 9.5.

கான்க்ரீட்டின் வலிமையைச் சோதிக்கும் கியூப் டெஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். 150 மிமீ கியூபை வார்க்கும்போது மூன்று லேயர், லேயருக்கு 35 குத்து. மெஷினில் வைக்கும்போது, கரணையால் சமப்படுத்திய மேல்முகம் பக்கவாட்டில் வர வேண்டும். மோல்டின் சுவரைத் தொட்டிருந்த மழமழப்பான முகங்களின் மேல்தான் லோடு இறங்க வேண்டும். லோடு வேகம் நிமிடத்துக்கு ச.செமீக்கு 140 கிலோ, அதாவது இந்தக் கியூபுக்குச் சுமார் 315 கிலோநியூட்டன். 540 கிலோநியூட்டனில் உடையும் கியூப் உடைய ஏறக்குறைய ஒன்றே முக்கால் நிமிடம் ஆக வேண்டும். அரை நிமிடத்தில் உடைந்திருந்தால் வேகம் அதிகம், வலிமையும் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டியிருக்கும். ஆசிரியர் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் இருந்தாலே இது தெரிந்துவிடும்.

இதற்கான ரூப்ரிக்கில் (நிலைவாரி மதிப்பீட்டு அட்டவணையில்) 'நன்று', 'மிக நன்று' என்ற சொற்களுக்கு இடமில்லை. கண்ணால் பார்க்கக்கூடியதை எழுத வேண்டும். நிலை 1: வால்வை முழுக்கத் திறந்துவிட்டு உடைவதற்குக் காத்திருக்கிறார். நிலை 2: வேகம் எவ்வளவு என்று சொல்கிறார், ஆனால் டயலைக் கவனித்துச் சரிசெய்வதில்லை. நிலை 3: வேகத்தைக் கடைசிவரை பிடித்து வைத்திருக்கிறார், முகத்தையும் சரியாக வைத்திருக்கிறார். நிலை 4: இவற்றோடு, ச.மிமீக்கு நியூட்டனில் 24, 25, 19 என்று மூன்று ரிசல்ட் வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறார். சராசரி 22.7, 19 என்பது அதிலிருந்து 16 சதவீதம் விலகுகிறது, ஐஎஸ் 456 அனுமதிக்கும் 15-ஐத் தாண்டிவிட்டதால் அந்த சாம்பிளின் ரிசல்ட்டே செல்லாது. 22.7 என்று ரிப்போர்ட் எழுதுகிறவர் நிலை 3-இலேயே நிற்கட்டும்.

சர்வேயிங்கில் ஃபீல்டு புக்கை மட்டும் திருத்துவது அதைவிட ஏமாற்றும். லெவலிங்கில் பேக் சைட் (பின்னோக்கிய ரீடிங்) கூட்டலிலிருந்து ஃபோர் சைட் (முன்னோக்கிய ரீடிங்) கூட்டலைக் கழித்தால் கடைசி ஆர்எல்லுக்கும் (மட்ட உயரம்) முதல் ஆர்எல்லுக்கும் உள்ள வித்தியாசம் வரும், டிக் போட்டுவிடலாம். ஆனால் அது கணக்குப் பிழையை மட்டுமே பிடிக்கும். ஸ்டாஃபில் (அளவுக் கோலில்) 1.435 என்று பார்த்து 1.345 என்று எழுதியிருந்தாலும் கூட்டல் கழித்தல் அழகாகச் சரிவரும். புறப்பட்ட பெஞ்ச்மார்க்குக்கே (உயரம் தெரிந்த புள்ளிக்கே) திரும்பி வந்து மூடினால்தான் அந்த 90 மிமீ வெளியே வரும். அதுவும் சேஞ்ச் பாயின்ட் (கருவியை இடம் மாற்றும் முன்னும் பின்னும் பார்க்கும் புள்ளி) ரீடிங்காக இருந்தால்தான். இன்டர்மீடியட் சைட்டில் (இடையில் எடுக்கும் மற்ற ரீடிங்கில்) நடந்த தவறு மூடினாலும் தெரியாது. சாதாரண லெவலிங்குக்கு வழக்கமான வரம்பு, கிலோமீட்டரில் தூரத்தின் வர்க்கமூலத்தை 24-ஆல் பெருக்கியது. 250 மீட்டர் சுற்றுக்கு 12 மிமீ. பேட்ச்சுக்கு இந்த ஒரு மூடல் பிழை. ஆளுக்கு ஒரு இன்ஸ்ட்ரூமென்ட் செட்டிங், ஒரு சேஞ்ச் பாயின்ட். இவ்வளவு போதும், ஐந்து பேரையும் தனித்தனியாக எடைபோட்டுவிடலாம்.

செமஸ்டரில் பத்து பரிசோதனையிலும் அறுபது பேரையும் இப்படிக் கவனிக்க முடியாது, தேவையும் இல்லை. இரண்டைத் தேர்ந்தெடுங்கள், மற்றவற்றை வழக்கம்போல் நடத்துங்கள். ரூப்ரிக்கை அமலாக்கும் முன் இரண்டு ஆசிரியர்கள் ஒரே ஐந்து மாணவர்களைத் தனித்தனியாக மதிப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நிலைக்கு மேல் வித்தியாசம் வரும் வரிகளைத் திருத்தி எழுதுங்கள். குற்றம் ஆசிரியரிடம் இல்லை, வரியில்தான்.

மற்றவை

இறுதியாண்டு புராஜெக்ட், குழுவாக வேலை செய்தல், எழுதுதல், பேசுதல், செலவு மதிப்பீடு ஆகியவற்றுக்கு ஏற்ற இடம். எழுத்துத் தேர்வு இவற்றை எட்டவே எட்டாது. குழுவுக்கு ஒரே மதிப்பெண் போட்டால் அந்தப் பயனும் போய்விடும். எஸ்டிமேட்டை யார் போட்டது, டிராயிங் யாருடையது என்று ரிவியூவில் கேட்டுத் தனியாகக் குறிக்க வேண்டும்.

பொறியியல் முதுகலைச் சேர்க்கைக்கான கேட் தேர்வில் 65 கேள்வி, 100 மதிப்பெண். வெளி அளவுகோல்தான், ஆனால் விருப்பப்பட்டவர்கள் மட்டும் எழுதுவது. வகுப்பில் முன்னணியில் இருப்பவர்களின் மதிப்பெண்ணை வகுப்பின் மதிப்பெண்ணாகக் காட்ட முடியாது. அமெரிக்காவில் இன்ஜினியர் உரிமத்துக்கு முதல் படியான எஃப்இ சிவில் தேர்வின் 110 கேள்விகளுக்கான ரிசல்ட் பாடப்பிரிவு வாரியாகக் கல்லூரிக்கு வருகிறது. அதனால் அங்கே அது உண்மையிலேயே பயன்படும் அளவீடு.

எக்ஸிட் சர்வே (முடிவில் மாணவர்களிடம் எடுக்கும் கருத்துக்கேட்பு) கடைசி. ஹால் டிக்கெட் வாங்க வந்த நாளில் ஃபார்மை நீட்டினால் எல்லாரும் மூன்றைத்தான் அழுத்துவார்கள். மேலே பார்த்த 1.8-ஐ நேரடி அளவீட்டின் 80 சதவீதமாகவும், சர்வேயின் 2.8-ஐ 20 சதவீதமாகவும் சேர்த்தால் 1.44 + 0.56 = 2.0. சிஓ3-இன் பூஜ்யம் மீண்டும் மூடப்பட்டுவிட்டது. 'எந்தக் கணக்கை யார் உதவியும் இல்லாமல் போட முடியும், எதை முடியாது' என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலை எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண்ணில் சேர்க்காமல் படித்தாலே போதும்.

எதற்கு எது

டிசைன், அனலிசிஸ் பாடங்களுக்குக் கேள்விவாரி இன்டர்னல்; லேப், சர்வேயிங்குக்கு நேரில் பார்க்கும் ரூப்ரிக்; குழு, தகவல் தொடர்பு விளைவுகளுக்கு புராஜெக்ட்; இவை எல்லாவற்றுக்கும் சாட்சியாக யூனிவர்சிட்டி கிரேடு. இதுவே எங்கள் தேர்வு. அமெரிக்காவில் சிவில் இன்ஜினியரிங் டெக்னாலஜி பட்டங்களை மதிப்பிடும், அங்கீகார அமைப்பான ஏபெட்டின் இடாக் குழு ஐந்து மாணவர் விளைவுகளைத்தான் கேட்கிறது. அதில் நான்காவது, தரப்படுத்திய டெஸ்ட்களைச் செய்து ரிசல்ட்டை அலசத் தெரிவது. எத்தனை சதவீதம் எட்ட வேண்டும் என்று அது எண் எதுவும் விதிப்பதில்லை. இலக்கைக் கல்லூரியே வைக்க வேண்டும், எட்டாதபோது என்ன செய்தோம் என்பதைக் காட்ட வேண்டும்.

நம் பக்கம் பி.ஓ. (புரோகிராம் அவுட்கம், படிப்பு முழுவதற்குமான விளைவு) கணக்கில் ஒரு பழக்கம் புகுந்திருக்கிறது. சிஓ நிலையை மேப்பிங் எண்ணால் (சிஓவுக்கும் பி.ஓ.வுக்கும் உள்ள தொடர்புக்கு 1 முதல் 3 வரை போடும் எண்) பெருக்கி மூன்றால் வகுத்தால், நிலை 2-க்கு மேப்பிங் 1 போட்ட இடத்தில் 0.67தான் வரும், 3 போட்ட இடத்தில் 2 வரும். அறிக்கை நன்றாகத் தெரிய வேண்டுமென்று கட்டமெல்லாம் 3 ஏறிவிடுகிறது. ஆர்சிசி டிசைனுக்கும் சுற்றுச்சூழல் விளைவுக்கும் 3 என்று எழுதியவரிடம், அதை அளக்கும் கேள்வி எந்தத் தாளில் இருக்கிறது என்று கேளுங்கள். காட்ட முடியவில்லை என்றால் அந்தக் கட்டம் காலியாக இருப்பதே சரி.

சிஓ3-க்கு வருவோம். பூஜ்யம் என்று தெரிந்த பிறகு, மேலே பார்த்த பீம் கணக்குதான் அந்த சிஓ என்றால், வரம்பைத் தாண்டும் செக்ஷன்களுக்கென்று அடுத்த செமஸ்டரில் இரண்டு டுடோரியல் ஒதுக்குங்கள். பிறகு எண்களை மட்டும் மாற்றி அதே கடினத்தில், அதே ஸ்கீமில் ஒரு கேள்வி கொடுங்கள். பழைய தாள், ஸ்கீம், மேல், நடு, கீழ் நிலை விடைத்தாள் ஒவ்வொன்று ஆகியவற்றைப் புதிய தாளுடன் ஒரே ஃபைலில் வையுங்கள். 27 என்பது 40 ஆனதா என்பதை அந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துத்தான் சொல்ல முடியும்.