நாட்குறிப்பு நிரம்பிப்போன சர்வர்: ஐந்து வருட அனுபவம்

"நீ வைத்திருக்கிற அதே டவர் சர்வர், பழையது ஒன்று வருகிறது. எடுக்கலாமா?" என்று நண்பன் கேட்டான். இரண்டு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் இங்கே எழுத முடியாத பதில்தான் கிடைத்திருக்கும். கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்து இப்போது ஐந்து வாரம் ஆகிறது. கோபம் பாதிதான் அடங்கியிருக்கிறது.

பிராசசர், மெமரி அளவெல்லாம் அவனுக்கே தெரியும். எனக்குப் பிடித்தது டிஸ்குகள் உட்காரும் டிரைவ் டிரேக்கள். ஸ்க்ரூடிரைவர் தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பழைய டிஸ்கை உருவி, புதியதைத் தள்ளினால் ‘க்ளிக்’ என்று உட்காரும். ஐந்து வருடத்தில் மூன்று டிஸ்க் மாற்றினேன், ஒருமுறைகூட மெஷினை நிறுத்தவில்லை.

அப்புறம் நான்காவது வருடம் தானாக ரீபூட் ஆக ஆரம்பித்தது. காலையில் எழுந்து பார்த்தால் அப்டைம், அதாவது நிற்காமல் ஓடிய நேரம், நான்கு மணி நேரம் என்று காட்டும். மெஷின் எப்போதெல்லாம் பூட் ஆனது என்று காட்டும் ‘லாஸ்ட்’ கட்டளையைப் போட்டால் முந்தைய பூட்டுக்கு நேராகக் ‘கிராஷ்’ என்று ஒரே சொல். முறையாக ஷட்டவுன் ஆகியிருந்தால் ஒவ்வொரு சர்வீஸும் நின்றது ஜர்னல் என்ற சிஸ்டம் பதிவேட்டில் இருக்கும். இதில் யாரோ வாயைப் பொத்தியதுபோல் பதிவு பாதியில் அறுந்திருந்தது. கெர்னல் பேனிக்காக, அதாவது லினக்ஸின் மையமே மீள முடியாமல் விழுந்ததாக இருக்குமோ என்றால், லினக்ஸ் பேனிக் ஆனால் வழக்கமாக அப்படியே உறைந்து நிற்கும். தானாக எழுந்து வர வேண்டுமென்றால் கெர்னல்.பேனிக் என்ற செட்டிங்கின் மதிப்பை யாராவது மாற்றியிருக்க வேண்டும். என்னுடையதில் அது பூஜ்யம்தான், அதாவது தானாக எழாது.

ஆக, ஹார்டுவேர். எல்லாரும் செய்வதுபோல் நானும் மெமரியைச் சந்தேகப்பட்டேன். பிழையைத் தானே திருத்தும் இசிசி மெமரி, திருத்திய பிழைகளின் எண்ணிக்கை பூஜ்யம், இருந்தும் மனசு கேட்கவில்லை. இரண்டு இரவு மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டினேன், சுத்தம். பிராசசரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன். இரட்டைப் பவர் சப்ளையில் ஒன்றை உருவிவிட்டுக் காத்திருந்தேன், பிறகு மற்றதை. ஒவ்வொரு சோதனைக்கும் அடுத்த ரீபூட் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். மாதங்கள் இப்படித்தான் போயின.

இந்த இடத்தில்தான் என் தீராத புகார். இந்த சர்வருக்குள் பிஎம்சி என்று ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் தனியாக ஓடுகிறது. என்ன நடந்தாலும் குறித்துவைப்பதுதான் அதன் வேலை. அதன் நாட்குறிப்பான லாகைத் திறந்தேன். 512 வரிகள். முழுக்க முழுக்க ஒரே பாட்டு: உள்ளே வரும் காற்றின் வெப்பம் வரம்பைத் தாண்டியது, வரம்புக்குள் இறங்கியது, தாண்டியது, இறங்கியது. கடைசி வரி எட்டு மாதம் பழையது. அதற்குப் பிறகு இடமில்லை என்று எழுதுவதையே நிறுத்திவிட்டது! பழையதை அழித்துப் புதியதை எழுத வேண்டும் என்றுகூடவா தோன்றாது? நிரம்பிவிட்டது என்று ஒரு மெயில் அனுப்பக்கூடாதா? அலர்ட் மெயில் என்று ஒரு பக்கமே அதில் இருக்கிறது. லாக் நிரம்பினால் என்ற விருப்பம் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

லாகை அழித்துவிட்டுக் காத்திருந்தேன். ஒரு நாள் நள்ளிரவு தாண்டி விழித்திருந்தபோது அது கண்ணெதிரிலேயே நடந்தது. விளக்குகள் அணைந்தன, ஒரு நொடி அமைதி, பிறகு ஃபேன்கள் எல்லாம் முழு வேகத்தில் அலறின. நானாக ரீபூட் செய்யும்போது இந்த அலறல் வராது. மின்சார ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினால்தான் வரும், பிஎம்சி விழித்தெழுந்து கட்டுப்படுத்தும் வரை. உடனே பிஎம்சியின் அப்டைமைப் பார்த்தேன்: மூன்று நிமிடம். சர்வர் அணைந்திருந்தாலும் ஸ்டேண்ட்பை மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டியது அது. அதுவே செத்துப் பிழைத்திருக்கிறது என்றால் சர்வருக்கு வெளியிலிருந்து வரும் மின்சாரமே போயிருக்கிறது. லாகிலும் ‘ஏசி லாஸ்ட்’ என்று ஒரு வரி. கரண்ட் திரும்பியதும் தானாக ஆன் ஆகும்படி, மெஷினின் அடிப்படை செட்டிங்குகள் இருக்கும் பயோஸில் நான்தான் வைத்திருந்தேன், அதனால் வெளியிலிருந்து பார்க்க ரீபூட் மாதிரியே தெரிந்திருக்கிறது.

அறையில் கரண்ட் போகவில்லை. மிச்சம் இருந்தது யூபிஎஸ். அது 14 நாளுக்கு ஒருமுறை சர்வரைப் பேட்டரியில் ஓட்டிப் பார்த்து, அந்தப் பேட்டரியைத் தானே சோதித்துக்கொள்ளும். ரீபூட் ஆன தேதிகளை எழுதி இடைவெளியைக் கணக்குப் போட்டேன்: 14, 14, 28, 14. தலையில் அடித்துக்கொண்டேன். பேட்டரி சார்ஜரில் இருக்கும்போது 13.6 வோல்ட், ஜோராகக் காட்டும். சோதனையில் சர்வரின் லோடு ஏறியதும் பொத்தென்று விழுகிறது. பேட்டரியை மாற்றச் சொல்லும் சிவப்பு விளக்கு சுவரைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. பீப் சத்தத்தை ம்யூட் செய்தது யார் என்று கேட்காதீர்கள். இரண்டு பவர் சப்ளையையும் அந்த ஒரே யூபிஎஸ்ஸில் செருகியது யார் என்றும் கேட்காதீர்கள்.

புது பேட்டரி போட்டு இரண்டு சோதனை தாண்டிவிட்டது. அப்டைம் 36 நாள். ஒரு பவர் சப்ளை இப்போது நேரடியாகச் சுவரில்.

நியாயமாகப் பார்த்தால் சர்வர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் வெக்கையைப் பற்றி 512 வரி புலம்பிவிட்டு, கரண்ட் போனதை எழுத இடமில்லை என்ற மெஷினை நான் எப்படிச் சிபாரிசு செய்வது? வேண்டாம் என்றே நண்பனுக்குப் பதில் அனுப்பினேன். கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன்: நீ எடுக்கவில்லையென்றால் சொல், அந்த டிரேக்களுக்காகவாவது நான் எடுத்துக்கொள்கிறேன்.