அப்டேட் நின்றதற்கு ஹார்ட் டிஸ்க் மாற்றச் சொல்கிறார்களா? கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கத்து வியாபாரிகள் கவனத்துக்கு

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் ஒரு கொப்பரை மண்டியின் கணக்குக் கம்ப்யூட்டர். 4-ஆம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அப்டேட் பாதியில் நின்று, ஒவ்வொரு முறை போடும்போதும் பழைய நிலைக்கே திரும்பிக்கொண்டிருந்தது. எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனார்கள். "ஹார்ட் டிஸ்க் போச்சுங்க, புது எஸ்எஸ்டி போட்டு ஒரிஜினல் விண்டோஸ் 11 ஏத்தித் தர்றோம்" என்று 6,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க். பில் கிடையாது. பழைய டிஸ்க்கும் திரும்பி வரவில்லை, அதில் டேலி மென்பொருளில் வைத்திருந்த கணக்கும் வரவில்லை.

அப்டேட் ஹிஸ்டரியை மண்டிக்காரர் முன்பே செல்போனில் படம் பிடித்திருந்தார். பிழை எண் 80070070. சி டிரைவில், அதாவது டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கும் பகுதியில், இடம் போதவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு டிஸ்க் போச்சு என்று எவரும் சொல்ல முடியாது. அசெம்பிள் செய்தவர் சி-க்கு 60 ஜிபி மட்டும் பிரித்து, மிச்சம் முழுக்க டி-யில் விட்டிருந்தார். நம் பக்கத்துப் பழைய டெஸ்க்டாப்புகளில் பாதிக்கு இதே கதைதான். டவுன்லோட்ஸ், வாட்ஸாப்பில் வந்த பிடிஎஃப் எல்லாம் சி-யிலேயே குவியும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். டவுன்லோட்ஸை டி-க்கு மாற்றுங்கள். டிஸ்க் கிளீனப்பைத் திறந்து, சிஸ்டம் ஃபைல்களையும் சுத்தம் செய்யும் பட்டனை அழுத்தி, 'விண்டோஸ் அப்டேட் கிளீனப்' வரியை டிக் செய்யுங்கள். சி-யில் 20 ஜிபியாவது காலியான பிறகு அப்டேட்டை மறுபடி ஓட்டுங்கள். அப்டேட் தோற்றால், பழைய ஹார்ட் டிஸ்க்கில் முந்தைய நிலைக்குத் திரும்பும் வேலையே ஒன்றிரண்டு மணி நேரம் இழுக்கும். கேபினெட்டின் டிஸ்க் விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும்வரை சுவிட்சில் கை வைக்க வேண்டாம். யுபிஎஸ் பேட்டரி செத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பாதியில் கரண்ட் போனால் சின்னக் கோளாறு பெரிதாகிவிடும்.

தேதி 2010, 2015 என்று பின்னால் போய் நிற்கிறதா? மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருக்கும். தேதி தப்பாக இருந்தால் மைக்ரோசாப்ட் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழை விண்டோஸ் ஏற்காது, அப்டேட்டும் இறங்காது. நூறு ரூபாய்க்குள் முடிகிற இந்த வேலைக்கு மதர்போர்டு விலை சொல்லும் ஆட்களும் உண்டு.

டெஸ்க்டாப் வரைக்கும் போகவே இல்லையென்றால், விண்டோஸ் ஏறும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் ரிப்பேர் திரை வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். கடைசி அப்டேட் மட்டும் நீங்கும், ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது.

இனி அவர்கள் போட்டுத் தந்த சரக்கு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தால், 'புது' எஸ்எஸ்டி ஏற்கெனவே 19,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. புதியதில் இந்த எண் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். 4-ஆம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 11-க்குத் தகுதியான பிராசஸர்களின் மைக்ரோசாப்ட் பட்டியலிலேயே இல்லை. தகுதிச் சோதனையை ஏமாற்றி ஏற்றியிருக்கிறார்கள். ஆக்டிவேஷன், அதாவது விண்டோஸ் லைசென்ஸைச் செயல்படுத்துவது, திருட்டு டூல் வழியாக நடந்திருக்கிறது. அந்த டூலை விண்டோஸின் வைரஸ் காவலான டிஃபெண்டர் பிடித்துவிடக் கூடாதென்று சி டிரைவ் முழுவதையும், சோதிக்காமல் விட்டுவிடும் எக்ஸ்க்ளூஷன் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் அப்டேட் 'டிசேபிள்டு'. அதாவது இனிமேல் அப்டேட் தோற்கவே தோற்காது! ஜிஎஸ்டி, பேங்க் லாகின் எல்லாம் நடக்கிற கம்ப்யூட்டரில் வைரஸ் காவலைத் திறந்துவிட்டதுதான் இதில் மன்னிக்கவே முடியாதது. உங்கள் கம்ப்யூட்டர் எந்தக் கடைக்குப் போய் வந்திருந்தாலும் டிஸ்க் ஓடிய மணி நேரம், டிஃபெண்டரின் எக்ஸ்க்ளூஷன் பட்டியல், சர்வீசஸ் பட்டியல் என்ற இந்த மூன்று இடங்களையும் ஒருமுறை பாருங்கள்.

கடைக்குக் கொடுக்கும் முன் டேலி டேட்டா ஃபோல்டரைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க்கின் சீரியல் நம்பரைப் படம் எடுங்கள். மாற்றினால் பழையதைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே வாட்ஸாப்பில் எழுதி அனுப்புங்கள். பில்லில் ஜிஎஸ்டி எண் இருந்தால் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள்: கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33.

கடை அந்த மாநிலம், நாம் இந்த மாநிலம் என்று விட்டுவிட வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இங்குள்ளவர்களுக்குப் பாலக்காடு நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள். பில் தராத கடை என்றால் ஜிபே ரசீதையும் வாட்ஸாப் பேச்சையும் அழிக்காமல் வைத்திருங்கள்.