லண்டன் – பாரிஸ்: விமானமா, ரயிலா?

லண்டனுக்கும் பாரிஸுக்கும் வான்வழித் தூரம் ஏறத்தாழ 344 கிலோமீட்டர்தான். ஹீத்ரோவிலிருந்து சார்ல்ஸ் டி கோல் விமான நிலையத்துக்கு 1 மணி 15 நிமிடம் என்று போட்டிருக்கும். அதில் வானில் பறப்பது முக்கால் மணி நேரத்தைச் சுற்றித்தான். மிச்சமெல்லாம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், இறங்கியபின் வாசலுக்கு வந்து சேர்வதும். பாரிஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால், காலை 8 மணி விமானம் 10.15க்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கும். புதிதாகப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

எங்கள் வீடு லண்டன் ஹாரோவில். சித்தி குடும்பம் பாரிஸ் லா சப்பலில். பல வருடங்களாக இரண்டு வழியிலும் போய் வருகிறோம். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கணக்குப் பார்த்தால் விமானத்துக்கு ஐந்தரை, ஆறு மணி நேரம் ஆகிவிடுகிறது. ஹீத்ரோவுக்கு எஸ்எல்9 பஸ், இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்க் காத்திருப்பது, அங்கே கடவுச்சீட்டு வரிசை, பிறகு நகருக்குள் வர ஆர்இஆர் பி ரயில் வேறு.

யூரோஸ்டார் ரயிலுக்குத் தண்டவாளத் தூரம் கூடுதல், ஏறத்தாழ 490 கிலோமீட்டர். ஆனால் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம். லண்டன் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்திலிருந்து பாரிஸ் கார் து நோர் நிலையத்துக்கு இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. கடலடிச் சுரங்கம் 50 கிலோமீட்டர், அதைக் கடக்க 20 நிமிடம்தான். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, பிரெஞ்சுக் குடிவரவுச் சோதனையை லண்டனிலேயே முடித்துவிடுவது. பாரிஸில் இறங்கினால் நேரே வெளியே நடக்கலாம். லா சப்பல் கடைத்தெரு பத்து நிமிட நடை. ஐந்து மணி நேரத்துக்குள் சித்தி வீட்டில் இருப்போம். பெட்டிக்கு எடைக் கணக்கும் இல்லை, திரவங்களுக்கு 100 மில்லிலீட்டர் கட்டுப்பாடும் இல்லை. அம்மா போடும் ஊறுகாய்ப் போத்தல்கள் பத்திரமாகப் போய்ச் சேரும். இறைச்சி, பால் பொருட்கள் மட்டும் கொண்டு போகக்கூடாது. பிரெக்ஸிட்டுக்குப் பின் வந்த தடை அது.

குளிர்காலத்தில் நான் விமானம் எடுப்பதே இல்லை. ஹீத்ரோவில் ஓடுபாதை இரண்டுதான், எந்நேரமும் நிரம்பி வழியும். மூடுபனி இறங்கினால் வரிசை நீண்டுவிடும். பெரும்பாலும் குறுந்தூர விமானங்களைத்தான் முதலில் ரத்துச் செய்வார்கள்.

விலையில் மட்டும் ரயில் தோற்கும். பள்ளி விடுமுறையில் கடைசி நேரத்தில் எடுத்தால் கை சுடும், அதனால் தேதி தெரிந்தவுடன் எடுத்துவிடுங்கள். உங்கள் ஆட்கள் லா கூர்நெவ், லு பூர்ஜே பக்கம் இருந்தால் விமானத்தையும் யோசிக்கலாம். இரண்டுமே விமான நிலையத்துக்கும் நகருக்கும் நடுவே, அதே ஆர்இஆர் பி பாதையில் இருக்கின்றன. ஏறும்முன் அந்த ரயில் அங்கே நிற்குமா என்று பலகையில் பாருங்கள். சில ரயில்கள் நிற்காமல் நேரே கார் து நோர் போய்விடும்.