தார் ராக்ஸ், ஜிம்னி, கூர்க்கா: ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது எது நகரும்?

2023 ஜூனில் மாருதி சுஸுகி ஐந்து கதவு ஜிம்னியை விற்பனைக்கு இறக்கியது. 2024 மே மாதம் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஐந்து கதவு கூர்க்காவைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு சுதந்திர தினத்தையொட்டி மஹிந்திராவின் தார் ராக்ஸ் வந்தது. கரடுமுரடான பாதையில் ஏறி இறங்க வேண்டும், ஆனால் பின்சீட்டில் அம்மாவும் பிள்ளைகளும் சிரமமின்றி உட்காரவும் வேண்டும் என்ற நீண்ட நாள் கோரிக்கைக்கு மூன்று நிறுவனங்களும் ஆளுக்கொரு பதில் சொல்லிவிட்டன. அன்று தொடங்கிய வாக்குவாதம் ஆஃப்ரோடு (சாலையில்லாத பாதையில் ஓட்டும்) ஆர்வலர்களிடையே இன்னும் ஓயவில்லை.

வாக்குவாதத்தில் பாதி வீண் என்பது என் கருத்து. ராக்ஸின் வெள்ளை இருக்கை அழுக்காகுமா, சேற்றில் போகிற வண்டிக்குப் பனோரமிக் சன்ரூஃப் எதற்கு என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். இருக்கை அழுக்காகும்தான், துடைத்துக்கொள்ளலாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. வாய்க்கால் ஒன்றைக் குறுக்காகக் கடக்கிறீர்கள். இடப்பக்க முன்சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது. எதிர்மூலையில் வலப்பக்கப் பின்சக்கரமும் தரையை விட்டு எழும்பிவிட்டது. இப்போது வண்டி நகருமா, நகராதா?

சாதாரண டிஃபரென்ஷியல் (திருப்பத்தில் இடவலச் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கரத் தொகுதி) மட்டும் உள்ள வண்டி நகராது. நான்கு சக்கரங்களுக்கும் விசை தரும் ஃபோர் வீல் டிரைவ் போட்டிருந்தாலும் அப்படித்தான். எந்தச் சக்கரத்துக்கு எதிர்ப்பே இல்லையோ அதுதான் சுழலும். பிடிப்புள்ள சக்கரம் சும்மா நிற்கும். இதற்கு ஜிம்னி வைத்திருக்கும் மருந்து பிரேக். சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து நிறுத்தி, விசையை மறுபக்கத்துக்குத் தள்ளுகிறது. ஆனால் அது வேலை செய்ய ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை விடாமல் மிதித்திருக்க வேண்டும். சக்கரம் சற்றுச் சுழலும், அடியிலிருந்து கடகடவென்று சத்தம் வரும், வண்டி ஒருமுறை நடுங்கும், பிறகுதான் எகிறி முன்னே போகும். பழகாதவர்கள் அந்த நடுக்கத்திலேயே பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். 'ஜிம்னி திணறுகிறது' என்று வரும் புகார்களில் பல இதனால் எழுபவையே.

ஜிம்னிக்கு இன்னொரு பலம் உண்டு. முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்ஸில், அதாவது இடவலச் சக்கரங்களை இணைக்கும் ஒரே கெட்டியான அச்சு. ஒருபக்கச் சக்கரம் மேலே ஏறினால் மறுபக்கச் சக்கரம் தானாகக் கீழே அழுந்தும். ஆகவே சக்கரம் அந்தரத்தில் தொங்குவதே சற்றுத் தாமதமாகத்தான் நேரும். ராக்ஸுக்கும் கூர்க்காவுக்கும் பின்புறம் மட்டும்தான் ரிஜிட் ஆக்ஸில். முன்புறம் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன்.

கூர்க்காவின் பதில் நேரடியானது. முன், பின் இரண்டு டிஃபரென்ஷியல்களையும் லாக் செய்து, இருபக்கச் சக்கரங்களையும் சேர்ந்தே சுழலவைக்கும் வசதி தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. இரண்டையும் பூட்டிவிட்டால் நான்கு சக்கரங்களில் எதற்குப் பிடிப்பு இருக்கிறதோ அது வண்டியை இழுத்துக்கொண்டு போகும். ஓடவும் வேண்டாம், உறுமவும் வேண்டாம். முன்லாக் போட்டபின் ஸ்டீயரிங் இறுகிவிடும் என்பதால் நேராகப் போகும் இடத்தில் மட்டுமே அதைத் தொட வேண்டும். இந்த விலையில் இப்படியொரு ஏற்பாட்டை ஒரு நிறுவனம் தருகிறது என்பதைப் போதிய அளவு யாரும் பாராட்டவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

ராக்ஸில் பின்புறம் மட்டும் மின்னணு லாக். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கிடைக்கும் தடைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே தாராளம். கூடவே திருப்பத்தில் உட்பக்கப் பின்சக்கரத்தைப் பிரேக் பிடித்து வண்டியைக் குறுகிய வட்டத்தில் திருப்பும் வசதியும் தந்திருக்கிறார்கள். 2850 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) உள்ள வண்டிக்கு அது மிகவும் தேவை. ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று: ஃபோர் வீல் டிரைவ் டீசலில் மட்டும்தான். பெட்ரோல் ராக்ஸ் வாங்கினால் பின்சக்கர இழுவைதான். தோற்றத்தைப் பார்த்து மயங்கி பெட்ரோலை வாங்கிவிட்டு ஆற்று மணலில் இறக்கினால் டிராக்டர் தேட வேண்டியிருக்கும்.

கோணங்களைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். முன்பம்பர் தட்டாமல் எவ்வளவு செங்குத்தான மேட்டில் ஏறலாம் என்று சொல்லும் முன்பக்க ஏற்றக் கோணத்தில் ராக்ஸ் 41.7 டிகிரி, கூர்க்கா 39, ஜிம்னி 36. மூன்றுமே போதும். எனக்கு முக்கியமாகப் படுவது வயிற்றுப்பகுதிக் கோணம். வரப்பு போன்ற மேட்டைத் தாண்டும்போது அடிவயிறு தட்டுமா என்பதை அதுதான் சொல்லும். அதில் கூர்க்கா 28, ஜிம்னி 24, ராக்ஸ் 23.9. ஜிம்னியைவிட 260 மி.மீ. நீளமான வீல்பேஸை வைத்துக்கொண்டு ராக்ஸ் அதே கோணத்தை எட்டியிருப்பது பாராட்டுக்குரிய பொறியியல். வேலையின் பெரும்பகுதி செங்கல்பட்டு அருகே உள்ள மஹிந்திராவின் ஆராய்ச்சி மையத்தில் நடந்தது என்பதில் நமக்கும் கொஞ்சம் பெருமை. தண்ணீரில் இறங்கும் ஆழம் கூர்க்காவுக்கு 700 மி.மீ., ராக்ஸுக்கு 650. நடைமுறையில் இந்த 50 மி.மீ. யாரையும் காப்பாற்றாது, ஓடும் நீரில் முழங்காலுக்கு மேல் ஆழம் என்றாலே இறங்கக் கூடாது.

மணலுக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. ஜிம்னியின் எடை சுமார் 1200 கிலோ. மற்ற இரண்டும் ஏறத்தாழ இரண்டு டன். ஜெய்சல்மேர் மணல்மேடுகளில் 195 மி.மீ. அகல டயரின் காற்றைக் குறைத்துக்கொண்டு ஜிம்னி மேலாக மிதந்து போகும். கனமான வண்டிகள் புதைய ஆரம்பிக்கும். அப்படியே புதைந்தாலும் ஜிம்னியை நான்கு பேர் மண்வெட்டியோடு மீட்டுவிடலாம். கூர்க்கா புதைந்தால் இன்னொரு வண்டியும் இழுவைக் கயிறும் வேண்டும்.

லடாக்கில் கணக்கு மறுபடி மாறும். ஜிம்னியின் டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் கடல் மட்டத்திலேயே தருவது 105 பிஎஸ், 134 நியூட்டன் மீட்டர்தான். காற்று பாதியாகக் குறையும் கணவாய்களில் ஆள், சுமையோடு ஏற லோ ரேஞ்சும் (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கியர்) பொறுமையும் வேண்டும். கூர்க்காவின் 2.6 லிட்டர் டர்போ டீசல் 320 நியூட்டன் மீட்டரைக் குறைந்த சுழற்சியிலேயே கொடுத்துவிடும். ராக்ஸ் டீசல் ஆட்டோமேட்டிக் 370 வரை தருகிறது.

நெடுஞ்சாலையில் போட்டியே இல்லை. ராக்ஸ் ஒன்றுதான் அன்றாடக் கார் என்று சொல்லத்தக்கது. ஆறு காற்றுப்பை, பாரத் என்கேப் என்ற இந்திய மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம், பெரியவர்கள் பாதுகாப்பில் 32-க்கு 31.09 புள்ளி. கூர்க்காவில் ஏழு பேர் உட்காரலாம். ஆனால் காற்றுப்பை இரண்டே இரண்டு, கியர் மேனுவல் மட்டும். குடும்பத்தோடு தினமும் ஓட்டும் வண்டிக்கு இது போதாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஜிம்னியில் ஆறு காற்றுப்பை உண்டு. ஆனால் நான்கு பேருக்கு மேல் இடமில்லை, பின்னால் 208 லிட்டர் சாமான்தான் பிடிக்கும்.

அறிமுக விலையில் ஜிம்னி 12.74 லட்சத்தில் தொடங்கியது. எல்லா வகையிலும் ஃபோர் வீல் டிரைவும் லோ ரேஞ்சும் உண்டு. கூர்க்கா 18 லட்சம். ராக்ஸ் 12.99 லட்சம் என்று விளம்பரத்தில் பார்த்தாலும் ஃபோர் வீல் டிரைவுக்கு 18.79 லட்சத்திலிருந்துதான் கதவு திறந்தது. எல்லாம் ஷோரூம் விலை. உள்ளூரில் ஜிம்னி மந்தமாக விற்க, இங்கே தயாரான அதே ஐந்து கதவு வண்டிக்கு 2025 தொடக்கத்தில் ஜப்பானில் நான்கே நாளில் 50,000 முன்பதிவு குவிந்து, பதிவையே நிறுத்த வேண்டியதாயிற்று. நீளத்தையும் தொடுதிரையையும் வைத்து இங்கே எடை போட்டார்கள். அங்கே ஆக்ஸிலைப் பார்த்தார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டில் ஒரே கார்தான் என்றால் ராக்ஸ் டீசல் ஃபோர் வீல் டிரைவ். வேறு கார் இருந்து, வார இறுதியில் பாறையும் சேறுமே வேலை என்றால் கூர்க்கா. என் கைக்காசைப் போட்டால் ஜிம்னி மேனுவல்; அறிமுக விலைப்படி ராக்ஸ் ஃபோர் வீல் டிரைவைவிட மிச்சமான ஆறு லட்சத்தில் நல்ல ஆல் டெரெய்ன் டயர் நான்கு, ஒரு கம்ப்ரசர், வெளியிலிருந்து பொருத்தும் பின் லாக்கர். அந்த லாக்கரை மாருதியே விருப்பத் தேர்வாகத் தந்தால் இந்த விவாதத்தில் பாதி அன்றே முடிந்துவிடும்.