கிரேக்கப் புராணத்தை வானத்தில் படிக்க ஸ்டெல்லேரியம்: பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

கம்ப்யூட்டரில் வானத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளைப் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். கோள்களையும் கிரகணங்களையும் விட, கிரேக்கப் புராணத்துக்காகத்தான் அதைத் திறப்பது அதிகம். பெர்சியஸ், அண்ட்ரோமேடா, ஓரியன், கலிஸ்டோ எல்லோரும் கதை முடிந்ததும் வானத்தில் போய் உட்கார்ந்தவர்கள். அவர்களைப் படிப்பதோடு நிறுத்தினால் பாதிதான் கிடைக்கிறது. கிரேக்கர்கள் நின்ற இடத்திலிருந்து, அவர்கள் காலத்து வானத்தைப் பார்த்தால்தான் மீதிப் பாதி புரிகிறது.

அதற்கு இரண்டே பொத்தான்கள் போதும். எஃப்6 அழுத்தி ஊரை மாற்றலாம், எஃப்5 அழுத்தி வருடத்தை மாற்றலாம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இதில் பூஜ்ஜிய ஆண்டு உண்டு. அதனால் கி.மு. 275 வேண்டுமென்றால் −274 என்று கொடுக்க வேண்டும்.

முதலில் கலிஸ்டோவைப் பாருங்கள். வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸின் தோழியான அவள்மீது தேவர்களின் அரசன் ஜீயஸ் கண் வைக்க, அவன் மனைவி ஹீரா அவளைக் கரடியாக மாற்றினாள் என்பது கதையின் ஒரு வடிவம். ஜீயஸ் அந்தக் கரடியை வானத்தில் வைத்த பிறகும் ஹீராவின் கோபம் தீரவில்லை. கரடியைக் கடலில் குளிக்க விடக்கூடாது என்று கடல் தெய்வங்களான ஓஷியானஸிடமும் டெதிஸிடமும் கேட்டுக்கொண்டாள். கரடிக்கு மட்டும் கடல் நீராட்டு இல்லை என்று ஹோமரும் பாடுகிறார். நம் ஊரிலிருந்து பார்த்தால் இது ஒட்டவே ஒட்டாது. நாம் சப்தரிஷி மண்டலம் என்று சொல்லும் அதே நட்சத்திரங்கள் திருச்சியில் அக்டோபர் மாலைகளில் அடிவானத்துக்குக் கீழே போய்விடுகின்றன. ஊரை ஏதென்ஸ் ஆக்கி, வருடத்தை −700 ஆக்கி, எல் பொத்தானால் நேரத்தை வேகமாக ஓட விடுங்கள். ஏழு நட்சத்திரங்களும் வடக்கே சுற்றிச் சுற்றி வரும், ஒன்றுகூட மறையாது. ஹீராவின் கோபத்துக்குப் பின்னால் இருப்பது அந்த ஊரின் அட்சரேகை.

எனக்கு மிகவும் பிடித்தது காசியோபியா. கடல் தேவதைகளைவிட அழகு என்று பெருமையடித்த எத்தியோப்பிய ராணி. அதற்குத் தண்டனையாகத்தான் கடல் கடவுள் போசைடன் கடல் பூதத்தை அனுப்பினான். மகள் அண்ட்ரோமேடாவைப் பாறையில் கட்ட வேண்டி வந்தது. பெர்சியஸ் மகளை மீட்டான். தாயின் தண்டனை வானத்தில் தொடர்கிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் மாசிடோனிய அரசவையில் இருந்த கவிஞர் அராட்டஸ், அவள் தலைகுப்புற விழுவதைப் பாடுகிறார். இன்றைய கிரீஸில் காசியோபியா மறைவதே இல்லை. அப்படியானால் அவர் கற்பனை செய்தாரா? ஊர் மாசிடோனியத் தலைநகர் பெல்லா, வருடம் −274 என்று வைத்துப் பார்த்தேன். மார்பில் உள்ள ஷெடார் நட்சத்திரம் கீழே போகிறது, ஒவ்வொன்றாக மற்றவையும் போகின்றன, கால் பக்கத்தில் இருக்கும் மங்கலான ஐந்தாவது நட்சத்திரம் மட்டும் அடிவானத்துக்கு இரண்டு டிகிரி மேலே நிற்கிறது. அராட்டஸ் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார். பூமியின் அச்சு மெல்லத் திரும்புவதால் இந்த இரண்டாயிரத்துச் சொச்சம் வருடங்களில் ராணி துருவத்தை நோக்கி நகர்ந்துவிட்டாள். இதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

வேட்டைக்காரன் ஓரியனைக் கொன்ற தேளின் கதையையும் இப்படிச் சோதிக்கலாம். ஒருவர் கிழக்கே வந்தால் மற்றவர் மேற்கே ஓடிவிடுவார் என்பார்கள். திருச்சியில் தேளின் கேட்டை எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிய பிறகுதான் ஓரியனின் தோளான திருவாதிரை மறைகிறது. ஏதென்ஸில் இரண்டும் சேர்ந்து தெரியும் அந்த நேரம் மிகவும் சுருங்கிவிடுகிறது.

எல்லா விஷயத்திலும் கிரேக்கர்களுக்கே நல்ல இடம் என்று நினைக்க வேண்டாம். ஜேசன் தங்க ரோம ஆட்டுத்தோலைத் தேடிப் போன ஆர்கோ கப்பலை நாம்தான் நன்றாகப் பார்க்கிறோம். அதன் சுக்கான் துடுப்பில் இருக்கும் கனோபஸ், நம் அகத்தியர் நட்சத்திரம். பிப்ரவரி இரவுகளில் திருச்சியில் 26 டிகிரி உயரம் வருகிறது. ஏதென்ஸில் அடிவானத்தைத் தாண்டுவதே இல்லை. ரோட்ஸ் தீவில் அது அடிவானத்தைத் தொட்டுப் போவதையும் அலெக்ஸாண்ட்ரியாவில் சற்று உயர்வதையும் வைத்து கிரேக்க அறிஞர் பொசிடோனியஸ் பூமியின் சுற்றளவையே கணக்கிட்டார். பண்டைய வானியலாளர் தாலமி பட்டியலிட்ட 48 நட்சத்திரக் கூட்டங்களில் ஆர்கோ மட்டும்தான் இன்றைய 88 கூட்டங்களில் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வானியலாளர் லகாய் அதை அடிமரம், பின்பகுதி, பாய் என்று பிரித்தார். மென்பொருளிலும் வழக்கமான அமைப்பில் அந்தத் துண்டுகள்தான் தெரியும். எஃப்4இல் வான மரபை தாலமியின் நூலான அல்மாஜெஸ்டுக்கு மாற்றினால் பழைய கப்பல் கிடைக்கும்.

ஆர் பொத்தான் அழுத்தினால் வீரர்களின் ஓவியங்கள் வரும். அழகுதான், ஆனால் நான் பெரும்பாலும் அணைத்தே வைப்பேன். சி அழுத்தி வரும் கோடுகளே போதும். ஓவியம் வந்தால் கண் நட்சத்திரத்தை விட்டுவிடுகிறது.

அப்புறம், திரையோடு நிற்காதீர்கள். பெர்சியஸ் கையில் பிடித்திருக்கும் மெடூசா தலையில் அல்கோல் என்ற நட்சத்திரம் 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கும். அதைச் சுற்றிவரும் ஒரு பெரிய பொருள் அதை மறைப்பதாக இருக்கலாம் என்று 1783இல் சொன்னவர் ஜான் குட்ரிக், காது கேளாத 18 வயது இளைஞர். டிசம்பரில் மொட்டை மாடியிலிருந்து, பக்கத்தில் உள்ள அண்ட்ரோமேடாவின் கால் நட்சத்திரம் அல்மாக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாதாரண நாளில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். மங்கும் இரவில் வித்தியாசம் வெறும் கண்ணுக்கே தெரியும்.