மஞ்சளா, மாசிக்காயா, கடற்பாசியா? ஊசியில் போகும் ஜெல்களில் எதை நம்பலாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்குப் போன மாதம் ஒரு பாட்டி வந்தார். ரப்பர் தோட்டத்தில் நாற்பது வருஷம் பால் வெட்டியவர். காலில் கட்டைவிரலுக்குக் கீழே புண், உடம்பில் இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். துணியைப் பிரித்தால் மஞ்சள் தூளை அப்பியிருந்தார். மேலே காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. ஓரத்தில் லேசாக அழுத்தியதும் உள்ளிருந்து நீர் கசிந்தது.

"மஞ்சள்ல ஊசி ஜெல் வந்திருச்சாமே தம்பி, பேரன் போன்ல காட்டினான்" என்றார்.

அவரை அன்றைக்கே கவர்மெண்ட் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டேன். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. 2019 தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்புநீர். இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம். இந்தச் செய்தி நம் வீடுகளுக்குத்தான் முதலில் வந்து சேரும்.

ஹைட்ரோஜெல் என்பது பெருமளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய வலை. ஊசிக்குழலில் இளகலாகப் போய், உடம்புக்குள் உறைய வேண்டும். வளைந்து நெளிந்து ஆழமாகப் போகும் புண்ணில், வெட்டி வைத்த துணி எட்டாத மூலையையும் அது நிரப்பும். மரத்தில் கட்டிய மங்கில் வடிந்த ரப்பர் பால் ஆசிட் பட்டதும் உறைவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. ஒவ்வொரு ஜெல்லிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: இதில் தாவரச் சரக்கு வலையைக் கட்டுகிறதா, இல்லை வலைக்குள் சும்மா பயணம் செய்கிறதா?

மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற சரக்கு பெரும்பாலும் பயணிதான். தண்ணீரில் அது சரியாகக் கரையாது. நம் ரத்தத்தை ஒத்த காரத்தன்மையுள்ள வெறும் உப்புக் கரைசலில், 37 டிகிரியில், அரைமணி நேரத்துக்குள் 90 சதவீதம் சிதைந்துவிடும் என்று 1997லேயே காட்டிவிட்டார்கள். ஜெல்லுக்குள் பொதிந்தால் அந்தச் சிதைவு குறையும் என்பது உண்மை. ஆனாலும் 2017இல் வந்த ஒரு விரிவான மறுஆய்வு, முறைப்படி ஒப்பிட்டுச் செய்த மனிதச் சோதனை எதிலும் குர்குமின் வெற்றி பெறவில்லை என்று எழுதியது. மஞ்சள் மேல் எனக்கும் பாசம் உண்டு. அதற்காகச் சமையலறைத் தூளைத் திறந்த புண்ணில் வைப்பதை ஏற்க முடியாது.

மாசிக்காய் கதை வேறு. மலாய்க்காரர்கள் மஞ்சகானி என்று பிரசவித்த பெண்களுக்குக் கொடுப்பதும் இதைத்தான். இதிலிருக்கும் டானிக் அமிலம் என்ற டானின் வலையைக் கட்டும் ஆள். வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, அது எச்சிலில் உள்ள புரதத்தை டானின் பற்றிக்கொள்வதால் வருவது. அதே பிடிதான் ஜெல்லின் இழைகளை ஒன்றோடொன்று கோத்து, ஈரமான சதையிலும் ஒட்ட வைக்கிறது. கிருமிகளையும் ஓரளவு அடக்கும். இதற்கு ஒரு பழைய எச்சரிக்கையும் உண்டு. 1925இல் டெட்ராய்ட்டில் எட்வர்ட் டேவிட்சன் என்ற மருத்துவர் தீக்காயத்துக்கு டானிக் அமிலம் போடத் தொடங்கினார். அது உலகமெங்கும் பரவியது. கல்லீரலைக் கெடுக்கும் என்ற அச்சத்தில் 1940களில் கைவிட்டார்கள். ஆகவே எவ்வளவு டானின், அதில் எவ்வளவு புண்ணுக்குள் கசிகிறது என்று சொல்லாத ஜெல்லை நான் நம்பமாட்டேன்.

கார்டினியா என்ற செடியின் காயிலிருந்து வரும் ஜெனிப்பினும் வலை கட்டுவதுதான். இந்த வேலைக்கு வழக்கமாகப் போடும் குளுட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தைவிட நஞ்சு பல மடங்கு குறைவு. ஆனால் மெதுவாகத்தான் கட்டும், கட்டும்போது கருநீலமாகிவிடும். புண்ணின் நிறத்தைப் பார்த்து நிலைமையைச் சொல்லும் நர்ஸ் மிஸ்ஸிக்கு அது பெரிய இடைஞ்சல். இன்னொன்றும் உண்டு. ஜெனிப்பின் கோப்பது பெரும்பாலும் இறால் ஓட்டிலிருந்து வரும் கைட்டோசானையோ மாடு, பன்றியிலிருந்து வரும் ஜெலட்டினையோதான். தாவர ஜெல் என்று சொன்னாலும், சைவமா, ஹலாலா என்று நம் ஊரில் கேட்டே ஆக வேண்டும்.

ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருவது. கால்சியம் பட்டதும் உறையும். சட்டென்று உறைந்து ஊசியை அடைத்துவிடும் என்பதால், மெதுவாகக் கரையும் கால்சியம் சல்பேட்டைச் சேர்ப்பார்கள். ஆல்ஜினேட்டைச் சிதைக்கும் நொதி நம் உடம்பில் இல்லை, செல்களும் அதைப் பற்றிக்கொள்ளாது. இவை இரண்டும் குறைகள். ஆனால் பலவீனமான இதயத்தின் சுவரில் ஊசியால் ஏற்றி, மனிதர்களிடமே சோதித்துப் பார்த்த பொருள் இது. புண் கட்டும் துணியாகப் பல வருஷமாகப் பழக்கத்தில் இருக்கிறது.

என்னைக் கேட்டால், ஆல்ஜினேட்டை அடித்தளமாக வைத்து அளவான டானினைச் சேர்க்கும் வழிக்கே முதலிடம். அப்புறம் ஜெனிப்பின். குர்குமின் கடைசி.

பாட்டி இரண்டு வாரம் கழித்து வந்தார். மஞ்சளைக் கழுவி எடுத்துவிட்டு, புண்ணுக்குள் ஆல்ஜினேட் நாடாவைத் திணித்துக் கட்டியிருந்தார்கள். கடற்பாசியில் செய்தது என்றேன்.

"தீபாவளிக்குக் காய்ச்சுவோமே அகார் அகார், அதுவா?"

"அதுக்குப் பங்காளி, பாட்டி. அது சிவப்புப் பாசி, இது பழுப்பு."

கட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த கட்டு மாற்றும் தேதியை அட்டையில் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார்.