ராலி கன்வெர்ஷன் என்று விற்ற டிடி-02: பிரித்துப் பார்த்ததில் கிடைத்தது என்ன?

டாமியாவின் டிடி-02 என்ற ஆன்-ரோடு (சமதளச் சாலையில் ஓட்டும்) ரிமோட் கண்ட்ரோல் காரை அனுப்பினால் மண்ணில் ஓடும்படி மாற்றித் தருவதாக ஆன்லைனில் பணம் வாங்கும் ஒரு கடையிலிருந்து திரும்பி வந்த வண்டி இது. கடையின் பெயர் வேண்டாம், செய்த வேலையை மட்டும் பார்ப்போம். பில்லில் இருந்தவை: ஆஃப்-ரோடு டயர், ஆயில் ஷாக், முழு பேரிங் செட், வாட்டர்ப்ரூஃப் வேலை, ஒரு 2எஸ் லிப்போ (இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி). செம்மண் மைதானத்தில் இரண்டாவது முறை சார்ஜ் தீர்வதற்குள் மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. மோட்டார் சுழற்றும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியரில் பற்கள் வழித்துக்கொண்டன. பின் சக்கரத்தைச் சுழற்றும் டாக்போன் தண்டு ஒன்று கழன்று புல்லில் போயே போய்விட்டது.

சூட்டுக்குக் காரணம் டயர். இந்த வண்டிக்கு உரிய டூரிங் (ஆன்-ரோடு) டயரின் விட்டம் சுமார் 64 மி.மீ. கடை மாட்டியிருந்தது மண்ணில் குதித்து ஓடும் பக்கி காரின் 85 மி.மீ. டயர். இரண்டுக்குமே சக்கரம் மாட்டும் அறுகோணத் துண்டு (ஹெக்ஸ்) 12 மி.மீ.தான் என்பதால் அப்படியே பொருந்திவிடும், பார்க்கவும் ஜம்மென்று இருக்கும். ஆனால் மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனைத் தொடவே இல்லை. கிட்டில் வரும் 22 பல் பினியன், 70 பல் ஸ்பர், கியர் பாக்ஸின் உள் விகிதம் 2.6, ஆக மோட்டார் 8.27 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றினால் பழைய டயரில் வண்டி 24 மி.மீ. நகரும், புதிய டயரில் 32 மி.மீ. நகரும். அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சுமை, அதுவும் டயர் புதைகிற மண்ணில். 540 மோட்டார் வேகாமல் என்ன செய்யும்? இந்த டயருக்குப் பழைய விகிதம் வேண்டுமென்றால் 17 பல் பினியனுக்கு இறங்க வேண்டும். அதைவிட நல்ல வழி, டூரிங் அளவிலேயே கிடைக்கும் ராலி பிளாக் டயரைப் போட்டு, பினியனை 20 பல்லுக்கு இறக்குவது. பாடியின் சக்கர வளைவை வெட்டவும் வேண்டியிருக்காது. இந்த வண்டியில் வளைவைக் கத்தரிக்கோலால் கோணல்மாணலாக வெட்டியிருந்ததில் லெக்ஸான் (பாலிகார்பனேட் பிளாஸ்டிக்) பாடியில் இரண்டு இடத்தில் விரிசல். வெட்டின முனையைச் சாண்ட் பேப்பர் போட்டு வழவழப்பாக்காவிட்டால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

அடுத்தது ஷாக். டிடி-02 கிட்டில் வருவது எண்ணெயே இல்லாத ஃப்ரிக்‌ஷன் டேம்பர் என்பதால் ஆயில் ஷாக்குக்கு மாற்றுவது நியாயமான வேலைதான். கடை போட்டவை நீளமான அலுமினிய ஷாக்குகள். காது அருகே வைத்து ஆட்டினால் 'களக் களக்' என்று சத்தம், பாதி எண்ணெய்கூட உள்ளே இல்லை. சிலிண்டரை விளிம்பு வரை நிரப்பி, பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தி, குமிழி எல்லாம் மேலேறும் வரை சில நிமிடம் நிற்க வைத்துவிட்டு மூட வேண்டும். சரியாக நிரப்பின ஷாக்கில் தண்டு முழுத் தூரமும் ஒரே சீராகப் போகும், நடுவில் காற்றுக்குள் குத்துவதுபோல் லொடக்கென்று விழாது.

டாக்போன் கழன்றதும் இதே ஷாக்கால்தான். ஷாக் நீளமானால் வண்டியைத் தூக்கும்போது சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் அளவுக்கு மீறிக் கீழே தொங்கும், டாக்போன் முனையின் ஊசி, அது உட்காரும் டிஃப் கப்பின் விளிம்புக்கு வந்துவிடும். ஒரு குதியலில் வெளியே வந்துவிடும். ஷாக்கைப் பிரித்து, பிஸ்டனுக்குக் கீழே தண்டில் 2 முதல் 4 மி.மீ. ஸ்பேசர் போட்டால் தொங்கலுக்கு எல்லை வந்துவிடும். காசு கேட்காத வேலை இது, அதையும் செய்யவில்லை. சோதிப்பது சுலபம்: வண்டியைத் தூக்கிப் பிடித்து, சக்கரத்தை வெளிப்பக்கம் இழுத்தபடி சுழற்றுங்கள். ஊசி கப்பை விட்டு எட்டிப் பார்த்தால் ஓட்ட வேண்டாம். சமமான மண் தரைக்கு 12 முதல் 15 மி.மீ. தரை இடைவெளியே தாராளம். அதற்கு மேல் ஏற்றினால் வண்டி திருப்பத்தில் குப்புறக் கவிழும்.

பேரிங் விஷயம்தான் அப்பட்டமான ஏமாற்று. சக்கரத்தைக் கழற்றினால் கண்ணுக்குத் தெரிகிற வெளிப்புற இடங்களில் 11×5 மி.மீ. பேரிங் பளபளவென்று இருந்தது. கியர் பாக்ஸைத் திறந்தால் உள்ளே கிட்டோடு வந்த அதே பிளாஸ்டிக் புஷ் (உள்ளே குண்டு இல்லாத வெறும் வளையம்)! மண் ஏறின புஷ் தண்டையே அரித்துவிடும், பிறகு கியர் ஆட்டம் கொடுக்கும். வெளியே போட்டிருந்தவையும் இரும்பு மூடி போட்டவை, மண்ணுக்கு ஏற்ற ரப்பர் சீல் வகை அல்ல.

ஸ்பர் பல் போனதற்கு ஒரு கூழாங்கல் போதும். டிடி-02 தொட்டி வடிவ சேசிஸ், உள்ளே விழுந்த மண் வெளியே போகாது. சேசிஸுக்கு மேல் துணி உறையோ மெல்லிய லெக்ஸான் தட்டோ போட்டு, மோட்டார் பக்க இடைவெளியை அடைத்திருக்க வேண்டும். இதற்கு நடுவில் பினியனைத் தண்டில் இறுக்கும் க்ரப் ஸ்க்ரூவில், அது தளராமல் பிடிக்கும் த்ரெட்லாக் பசையும் இல்லை. பினியன் அரை மில்லிமீட்டர் நகர்ந்து, பல்லின் பாதி அகலத்தில்தான் கடித்துக்கொண்டிருந்தது. த்ரெட்லாக் எங்கே இருந்தது தெரியுமா? பிளாஸ்டிக் சேசிஸுக்குள் போகிற ஸ்க்ரூக்களில். அது உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்துக்கு மட்டும் உரியது. பிளாஸ்டிக்கில் பட்டால் ஸ்க்ரூ துளையைச் சுற்றி வெடிப்பு விடும்.

வாட்டர்ப்ரூஃப் என்றால், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி. மேல் சிலிக்கான் பசையைக் கொட்டுவது என்று நினைத்திருக்கிறார்கள். ஹீட் சிங்க்கின் இடுக்குகள் எல்லாம் அடைபட்டு, சூடு வெளியேற வழியே இல்லாமல் போயிற்று. ரிசீவரை ஒரு பலூனுக்குள் போட்டுக் கட்டியிருந்தாலே அதற்குப் போதும், ஆனால் அது வெறுமனே கிடந்தது.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது பேட்டரி. லிப்போவை விற்றுவிட்டு இ.எஸ்.சி.யை நிக்கல் பேட்டரி அமைப்பிலேயே விட்டிருந்தார்கள். ஹாபிவிங் 1060 போன்ற இ.எஸ்.சி.களில் ஜம்பர் என்ற சின்னச் செருகு இணைப்பை இடம் மாற்றினால் வேலை முடிந்தது. மாற்றாவிட்டால் செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனாலும் மோட்டார் இழுத்துக்கொண்டே இருக்கும். இந்த பேட்டரி உப்பிவிட்டது. உப்பின லிப்போவை மறுபடி சார்ஜ் போடவே கூடாது. சார்ஜரிலும் லிப்போ முறையும், செல்களைச் சமமாகச் சார்ஜ் ஆக்கும் பேலன்ஸ் வயரும் கட்டாயம்.

ஸ்க்ரூ தலைகள் எல்லாம் மழுங்கியிருந்ததையும் சொல்ல வேண்டும். டாமியா போடுவது ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தர அளவு) ஸ்க்ரூ, சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் வழுக்கும். தலை மழுங்கியிருந்தால் வேலை செய்தவருக்கு இந்த வண்டி புதிது என்று அர்த்தம்.

புகாருக்குக் கடை சொன்ன பதில், "ஓட்டிய வண்டிக்கு நாங்கள் பொறுப்பல்ல". ஆகவே இப்படி ஒரு வேலைக்குக் கொடுப்பதானால், கியர் பாக்ஸை மூடும் முன் எடுத்த படத்தைக் கேளுங்கள். கழற்றின புஷ்களையும் பழைய டேம்பர்களையும் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள், அவை வராவிட்டால் உள்ளேயே இருக்கின்றன என்று பொருள். டயரின் விட்டம், பினியன் பல் எண்ணிக்கை, பேரிங் எண்ணிக்கை மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பார்சலைப் பிரிப்பதையும் முதல் ஓட்டத்துக்கு முன் சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பதையும் வீடியோ எடுத்து வையுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம், அப்போது இந்த வீடியோதான் பேசும்.

குதிக்கிற வண்டிதான் வேண்டும் என்பவர்கள் டூரிங் காரில் காசைக் கொட்ட வேண்டாம். இதே சேசிஸின் பக்கி வடிவமான டிடி-02பி, நீளமான ஆர்மும் ஷாக்குமாகவே வருகிறது.